மூஞ்சி கோணிய பன்றிக்குட்டிகளுக்குக் கால்சியம் கொடுத்தால் போதுமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் 12 தாய்ப்பன்றி வைத்து வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறேன். ஓட்டல் சாப்பாடும் அரிசித் தவிடும்தான் தீனி. கிடைக்கிற நாளில் கோழிக்கழிவும் உண்டு. ஏழெட்டு மாதத்துக்கு முன் வெளியிலிருந்து மூன்று இளம்பொட்டைகளை வாங்கிவந்தேன். இப்போது இரண்டு மாதக் குட்டிகள் ஓயாமல் தும்முகின்றன. நாலு குட்டிகளுக்கு மூஞ்சி ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. ஒன்றுக்கு மூக்கில் ரத்தம் வந்து சுவரெல்லாம் தெறித்திருந்தது. வேறு சில குட்டிகள் மூட்டு வீங்கி நொண்டுகின்றன. ஒரு தாய், குட்டிகளைப் பிரித்த பிறகு பின்பக்கம் எழ முடியாமல் கிடந்து போய்விட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர், "கால்சியம் பத்தல, டானிக் ஊத்து" என்கிறார். மருந்துக்கடைக்காரர் கிருமி என்று சொல்லி டெட்ராசைக்ளின் பொடி கொடுத்தார். இரண்டையும் தீனியில் கலந்து பத்து நாள் கொடுத்தும் குணமில்லை. யார் சொல்வது சரி? கோணிய மூஞ்சிக் குட்டிகளில் ஒரு பொட்டை நன்றாக வளர்ந்திருக்கிறது. அதைத் தாய்க்கு விடலாமா? பேர் போட வேண்டாம், சொந்தக்காரர்கள் படிப்பார்கள்.

பதில்: பேர் போடவில்லை. மாடு வைத்திருப்பவர் கேள்வி கேட்டால் பேரோடு ஊரையும் போடச் சொல்கிறார், பன்றி வைத்திருப்பவர் ஒளிந்துகொண்டு கேட்கிறார். இதை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். போகட்டும்.

அந்த டெட்ராசைக்ளினையும் கால்சியத்தையும் ஒரே வாளியில் கலப்பதை முதலில் நிறுத்துங்கள். கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். குடலில் மருந்து சரியாக உறிஞ்சாமல் பெரும்பகுதி சாணத்தோடு போய்விடும். மனிதர்களுக்கே இந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பத்து நாள் நீங்கள் செலவழித்ததில் மருந்தும் முழுசாக வேலை செய்யவில்லை, கால்சியமும் போதுமான அளவில் போகவில்லை.

யார் சொல்வது சரி என்றால், இரண்டு பேரும் பாதி சரி. உங்கள் பண்ணையில் ஒரே சமயத்தில் இரண்டு தொல்லைகள் நடக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று மூக்கில், இன்னொன்று காலில். இரண்டிலும் எலும்புதான் கரைகிறது, அதனால்தான் குழப்பம். கரைக்கிற கை வேறு வேறு.

இந்தக் குழப்பம் உங்களோடு தொடங்கியதில்லை. பன்றியின் மூஞ்சி கோணுவதை ஜெர்மனியில் 1830-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். காரணம் பரம்பரையா, தீனியா, தொற்றா என்று அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் சண்டை. 1966-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்கள், இது கால்சியம் குறைவாலும் பாஸ்பரஸ் மிகுதியாலும் வருகிற எலும்பு நோய், மூக்கெலும்பு அதில் முதலில் கரைகிறது என்று ஒரு பெரிய கட்டுரையே போட்டார்கள். படித்தால் நம்பாமல் இருக்க முடியாது, அவ்வளவு ஒழுங்கான வாதம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நம்பி, தும்மிக்கொண்டிருந்த ஒரு பண்ணை முழுவதற்கும் டி.சி.பி. என்கிற கால்சியம்-பாஸ்பரஸ் தூளை எழுதிக் கொடுத்தேன். கால்கள் நேரானது உண்மை, ஆனால் அடுத்த ஈற்றிலும் மூஞ்சி கோணியது. அந்தப் பண்ணைக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வேறு டாக்டரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான்.

விஷயம் தெளிந்தது 1980-களில், டென்மார்க், நெதர்லாந்து, இங்கிலாந்து ஆய்வுகளில். பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிருமியின் சில ரகங்கள் ஒரு நச்சைச் சுரக்கின்றன. எலும்பைத் தின்னும் செல்களை இந்த நச்சு தூண்டிவிடும், கட்டும் செல்களை அடக்கிவிடும். கிருமியே இல்லாமல் நச்சை மட்டும் பிரித்தெடுத்து, மூக்கில் கூட இல்லை, உடம்பில் வேறு இடத்தில் ஊசியாகப் போட்டாலும் குட்டியின் மூக்கெலும்பு கரைந்தது. நல்ல தீனி தின்ற குட்டிக்கும் அதே கதிதான். அதே நேரம், தீனிக் குறையை மட்டும் வைத்து மூக்கைக் கரைக்க மற்றவர்கள் முயன்றபோது அது அப்படி நடக்கவில்லை. ஆக மூக்குக்குக் கிருமி வேண்டும். தீனி தனியாக அந்த வேலையைச் செய்யாது.

மூக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும். நாசித் துளைக்குள் இரண்டு பக்கமும் காகிதம் போன்ற மெல்லிய எலும்பு, பாயைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். மேலே ஒரு சுருள், கீழே ஒரு சுருள். உள்ளே போகிற காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து வைப்பது இவைதான். குட்டி வளர்கிற முதல் வாரங்களில் இந்தச் சுருள்களில் எலும்பு இடிவதும் கட்டுவதும் அவசரமாக நடக்கும். அந்த நேரத்தில் நச்சு வந்தால் இடிப்பு மட்டும் நடக்கும். கீழ்ச் சுருள்தான் முதலில் போகும். ஒரு பக்கம் அதிகம் கரைந்தால் அந்தப் பக்கத்து எலும்பு வளராமல் மூஞ்சி அங்கே கோணும். இரண்டு பக்கமும் சமமாகக் கரைந்தால் மேல்தாடை குட்டையாகி, மூக்கின் மேல்தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நிற்கும். உங்கள் கொட்டகையில் அப்படி "நேரான" குட்டைமூக்குக் குட்டிகளும் இருக்கும், பாருங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து கீழே கறுப்புக் கோடு இறங்குகிறதா என்றும் பாருங்கள். கண்ணீர் இறங்கும் குழாய் அடைத்து, வழிந்த நீரில் தூசி ஒட்டிய கோடு அது. தும்முகிற குட்டிக்கு அந்தக் கோடும் இருந்தால் என் சந்தேகம் வலுக்கும்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. அடுத்த முறை கறிக்குப் போகிற பன்றிகளில், தும்மிக்கொண்டிருந்த ஒன்றின் தலையை மட்டும் கேட்டு வாங்குங்கள். வாய் முடிகிற மூலையும் சிறு கடைவாய்ப் பற்கள் தொடங்குமிடமும் ஏறக்குறைய ஒரே நேரில் இருக்கும். அந்த இடத்தில், இரும்பறுக்கிற ரம்பத்தால் மூஞ்சியைக் குறுக்கே நேராக வெட்டுங்கள். கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல மூக்கென்றால் சுருள்கள் இடத்தை நிரப்பி நிற்கும், காற்றுக்கு ஒடுங்கிய சந்துகள்தான் மிஞ்சும். நோய் பிடித்த மூக்கில் சுருள் மொட்டையாகி, சில நேரம் அடியோடு காணாமல் போய், விரல் நுழைகிற ஓட்டை இருக்கும். நடுச்சுவர் வளைந்திருக்கும். ரொம்ப முன்னால் வெட்டினால் நல்ல மூக்கும் காலியாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். இதோடு நாலைந்து உயிருள்ள குட்டிகளின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியில் சளி எடுத்து, நச்சு சுரக்கும் ரகமா என்று பார்க்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். வெட்டிய மூஞ்சியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கிருமி மூக்கில் விழுந்தால் மட்டும் போதாது, அங்கே வேர் பிடிக்க வேண்டும். நல்ல மூக்குத் தோலில் இந்தப் பாஸ்டுரெல்லா சரியாக ஒட்டாது. ஆராய்ச்சிக்காரர்களே நோயை உண்டாக்க வேண்டுமென்றால் முதலில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை மூக்கில் விட்டுத் தோலைப் புண்ணாக்கிவிட்டுத்தான் கிருமியை விடுவார்கள். பண்ணையில் அந்த அமிலத்தின் வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பார்டடெல்லா என்று இன்னொரு கிருமி, அது வந்து முதலில் மூக்குத் தோலைக் கெடுத்து வைக்கும். அப்புறம் மூத்திர நெடியாக வருகிற அமோனியா. அப்புறம் தூசி.

நெடியே இல்லை என்பீர்கள். தினமும் அதிலேயே நிற்கிற உங்கள் மூக்குக்குப் பழகிவிட்டது. காலையில் கழுவுவதற்கு முன், குட்டிகள் படுக்கிற மூலையில் முழங்காலிட்டு, அவற்றின் மூக்கு இருக்கிற உயரத்தில் முகத்தை வைத்து ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். கண் எரிந்தால் அந்தக் குட்டிகள் இரவு முழுக்க அதில்தான் படுத்திருந்தன. குளிருக்குப் பயந்து இரவில் தார்ப்பாய் கட்டி நாலு பக்கமும் மூடுகிறவர் என்றால் இன்னும் மோசம். குட்டிக்குக் கதகதப்பு வேண்டும், சரி. அதற்குப் படுக்குமிடத்தில் பல்பும் பெட்டியும் வையுங்கள். கூரைக்குக் கீழே காற்று போக ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். தரை வாட்டம் பார்த்து மூத்திரம் தேங்காமல் ஓடச் செய்வதில்தான் பாதி வெற்றி.

பிளீச்சிங் பவுடரையும் சொல்லியாக வேண்டும். குட்டிகள் உள்ளே இருக்கும்போதே ஈரத் தரையில் அதைத் தூவுகிறவர்கள் அதிகம். மூத்திரத்து அமோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரமைன் என்ற காட்டமான வாயு கிளம்பும். அமோனியாவை விரட்டப் போய் அதைவிட மோசமானதைக் கொண்டுவந்து வைக்கிற கதை. சுட்ட சுண்ணாம்புத் தூளும் அப்படித்தான். தரையை மோந்து திரிகிற பிராணியின் மூக்கில் அது நேராகப் போகிறது. ஒரு அறையைக் காலி செய்து, கழுவி, பிளீச்சிங் போட்டு, மறுபடி கழுவிக் காயவிட்டு, அப்புறம் அடுத்த ஈற்றை விடுங்கள். கொசுவுக்கு மூட்டம் போடுவதும் குட்டி அறைக்குக் காற்றுமுகமாக வேண்டாம். தவிட்டை உலர்த்தூளாகத் தொட்டியில் கொட்டாமல் பிசைந்து வையுங்கள்.

இப்போது கால்களுக்கு வருகிறேன். இதில் உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் கெட்டிக்காரர்தான்.

20 கிலோ குட்டி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓட்டல் சாப்பாடு இரண்டு கிலோ, தவிடு அரைக் கிலோ போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல் சோற்றில் முக்கால்வாசி தண்ணீர். மிச்சமிருக்கிற சோற்றில் கால்சியம் கால் கிராம்கூட இல்லை. அரைக் கிலோ தவிட்டில் அதிகம் போனால் அரைக் கிராம். சாம்பார், பொரியல் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிராமைத் தாண்டினால் ஆச்சரியம். அந்தக் குட்டிக்கு வேண்டியதோ நாளைக்கு ஏறக்குறைய 7 கிராம். பாஸ்பரஸைப் பார்த்தால் தவிட்டிலிருந்து மட்டும் 7 கிராமுக்கு மேல் போகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது, பன்றிக் குடலால் திறக்க முடியாது. போதாததற்கு அந்தப் பைட்டேட், இருக்கிற கொஞ்சம் கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கோழிக்கழிவிலும் குடல், ஈரல், தோல்தான் அதிகம் என்றால் கால்சியம் கிடைக்காது. தலையும் காலும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் எலும்பு சேரும்.

ரத்தத்தில் கால்சியம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இதயம், தசை எதுவும் ஓடாது. அதனால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். வட்டிக்கு வாங்கிக் குடும்பம் நடத்துவது மாதிரி, கொஞ்ச நாள் வெளியே தெரியாது. குட்டிக்கு அது மூட்டு வீக்கமாக, வளைந்த காலாக, நொண்டலாக வெளியே வருகிறது. உங்கள் தாய்ப்பன்றிக்கு வந்ததும் இதே கணக்குதான். பத்துக் குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய், பால் வழியாக நாளைக்குப் பத்து கிராமுக்கு மேல் கால்சியத்தை வெளியே அனுப்புகிறது. தீனியில் வராததை அதன் எலும்பு கொடுத்திருக்கிறது. குட்டி பிரித்த பிறகு முதுகெலும்போ தொடையோ முறிந்து படுத்திருக்கும்.

தீர்வு மலிவு. நாமக்கல்லில் கோழிக்காரர்கள் புண்ணியத்தில் டி.சி.பி.யும், கால்சைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூளும் எந்தத் தீவனக் கடையிலும் கிடைக்கும். மேலே சொன்ன தீனிக்கு, 20 கிலோ குட்டிக்கு நாளைக்கு டி.சி.பி. 10 கிராம், கால்சைட் தூள் 12 கிராம். 20 குட்டி அடைத்த அறைக்கு 200 கிராமும் 240 கிராமும். கையளவில் போடாதீர்கள், தராசில் நிறுத்து, கொஞ்சம் பிசைந்த தவிட்டில் நன்றாகக் கலந்து, அதை மொத்தத் தீனியில் கலவுங்கள். வாங்கும்போது சுண்ணாம்பு என்று கேட்காதீர்கள். வெற்றிலைக்குப் போடுகிற, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வாயையும் குடலையும் பொசுக்கிவிடும். சுடாத சுண்ணாம்புக்கல் தூள், அல்லது கிளிஞ்சல் தூள்தான் வேண்டும். நல்லதுதானே என்று இரண்டு மடங்கு போடுவதும் ஆபத்து. கால்சியம் மிஞ்சினால் துத்தநாகம் உடம்பில் சேராமல், தோல் தடித்துச் செதில் செதிலாக வெடிக்கும். சொறி என்று நினைத்து நீங்கள் மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டிவரும். நான் போட்டது தோராயக் கணக்கு. அதே கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது, ஒரு வாரத்துத் தீனியில் மாதிரி எடுத்துக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். புரதக் குறையும் அப்போது தெரிந்துவிடும். ஓட்டல் சாப்பாட்டில் அது இருந்தே தீரும்.

காலை வெயில் முதுகில் படும்படி குட்டிகளை விடுங்கள். வைட்டமின் டி இல்லாமல் மேலே சொன்ன தூள் எதுவும் முழுசாகச் சேராது. உச்சிவெயில் வேண்டாம், வெள்ளைத் தோல் வெந்துவிடும். ஓட்டல் சாப்பாட்டையும் கோழிக்கழிவையும் கொதிக்கவைக்காமல் போடவே போடாதீர்கள். 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்த பிறகு, இதில் சோம்பல் பட்டால் மொத்தப் பண்ணையும் போகும்.

கால்சியம் சரியானால் மூக்கும் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. ஆனால் எலும்புக் கையிருப்பு நன்றாக இருக்கிற குட்டி, நச்சு வந்தாலும் வளர்ச்சியில் அவ்வளவு பின்தங்காது என்பது என் அனுபவம். இந்த நச்சு மூக்கோடு நிற்பதில்லை. கால் எலும்பின் வளர்முனையையும் அது தாக்கும் என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் தீனி ஏற்கெனவே இளைக்க வைத்த எலும்பில் அது வந்து விழுந்திருக்கிறது.

மூக்குக்கு, டாக்டரைக் கூப்பிட்டு எடைக்கு ஏற்ற ஊசி போடுங்கள். நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி பெரும்பாலும் கேட்கும். ஊசிக்கும் கால்சியத்துக்கும் குடலில் சண்டை இல்லை. பிறந்த முதல் மூன்று நாலு வாரத்துக்குள் போடும் ஊசிக்குத்தான் மதிப்பு. இரண்டு மாதத்தில் கோணிய மூஞ்சி நேராகாது, அதற்குச் செலவழிக்காதீர்கள். சினையின் கடைசி வாரங்களில் தாய்க்குப் போடுகிற தடுப்பூசி உண்டு, சீம்பால் வழியாகக் குட்டிக்குக் காப்பு போகும். ஊர் மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற சரக்கில்லை அது, டாக்டர் மூலமாக விசாரியுங்கள். அதோடு உங்கள் ஈற்றுக் கணக்கு நோட்டை எடுத்து, கோணிய நாலும் எந்தத் தாயின் குட்டிகள் என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த மூன்றின் தலையீற்றுக் குட்டிகள்தான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. தலையீற்றுத் தாயின் சீம்பாலில் எதிர்ப்புச் சக்தியும் குறைவு. இனி வெளியிலிருந்து வாங்குவதை ஒரு மாதமாவது தனியே கட்டி, தும்மல் இல்லையென்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தப் பொட்டை. வேண்டாம். எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அதன் மூக்கில் கிருமி குடியிருக்கும், தாயானால் பிறந்த குட்டிகளை மோந்தே கொடுத்துவிடும். ஊசி போட்டிருந்தால், மருந்து கறியிலிருந்து போக பாட்டிலில் எழுதியிருக்கிற இடைவெளி நாட்கள் முடியும்வரை வைத்திருந்து, கறிக்கு விடுங்கள். மூஞ்சி கோணியதால் கறிக்குக் குறைவில்லை. வெட்டுகிறவரிடம் தலையை மட்டும் கேட்டு வாங்க மறக்காதீர்கள், ரம்பம் போடுவதற்கு அதுவே போதும்.